இருதயச் சத்திரசிகிச்சையும் மலைநாட்டுத் தொழிலாளர் மீட்சியும்

நோய் தீர்தல் வேறு. நோயாளி தன் வாழ்வுக்கு மீளுதல் வேறு. முன்னையது வைத்தியர் கடன். பின்னையது வைத்தியரோடு இல்லமும் தொழிலிடமும் அரசும் கூடி ஆற்றவேண்டிய கடன். இவ்வேற்றுமை இருதய நாடி மாற்றுவழிச் சத்திரசிகிச்சையில் தெளிவாகப் புலப்படும். அட்டன், நுவரெலியாத் தேயிலைத் தோட்டங்களின் வரலாற்றோடு இதனை இயைத்து நோக்குவாம்.

1950ஆம் ஆண்டளவில் மாரடைப்புக் கண்டவரை வாரக்கணக்காகப் படுக்கையிற் கிடத்துதலே வழக்கம். 1952இல் சாமுவேல் லெவைன், பேணாட் லவுன் என்னும் அமெரிக்க வைத்தியர் இருவர், நோயாளரை விரைவில் நாற்காலியில் இருத்துதல் நன்றென எடுத்துரைத்தனர். 1966இல் டலஸ் நகரில் நல்லுடல் வாய்ந்த இளைஞர் ஐவரை மூன்று வாரம் படுக்கையில் வைத்து ஆராய்ந்தபோது, அவர்தம் உடலாற்றல் பெரிதும் குன்றியமை வெளிப்பட்டது. மறுவருடம் கிளீவ்லாந்தில் ரெனே ஃபவலோரோ, காலின் நாளத்தைக் கொண்டு அடைபட்ட இருதய நாடிக்கு மாற்றுவழி அமைக்கும் முறையை நிலைநாட்டினார். இந்தியாவில் இச்சிகிச்சையை 1975இல் பெரம்பூர் இரயில்வே வைத்தியசாலையில் கே. எம். செரியன் முதன்முதல் நிகழ்த்தினார். ஆகவே, மீட்சிக்கு வேண்டுவது நெடுங்கிடையன்று, படிப்படியான நடையே என்னும் கொள்கை இச்சிகிச்சையோடு உடன்வளர்ந்ததெனலாம்.

பிளந்த மார்பெலும்பு பொருந்த இரண்டு மூன்று மாதங்கள் செல்லும். அதுவரை பாரந் தூக்கலாகாது. சமதரையில் நாடோறும் சிறிது சிறிதாக நடையைக் கூட்டல் வேண்டும். புகையிலையை நீக்கல் வேண்டும். மருந்தை இடைவிடாது உண்ணல் வேண்டும். நகரத்தார்க்கு இவ்விதி எளிது. தோட்டத்தார்க்கோ லயத்து வாசலைத் தாண்டினால் ஏற்றமும் இறக்கமுமே வழி. நுவரெலியா 1,800 மீற்றருக்கு மேற்பட்ட உயரத்திலுள்ளது. அங்குள்ள குளிர்காற்றும் நலிந்த இருதயத்துக்குச் சுமையாகும். கொழுந்துக் கூடையின் பாரத்தைச் சொல்லவும் வேண்டுமோ?

இனிச் சட்டங்களை நோக்குவாம். கோப்பிக் காலத்திலேயே, 1872இல், தோட்டத் தொழிலாளரின் வைத்தியத் தேவைகளுக்கான சட்டம் பிறந்தது. 1912இல் அது புதுக்கப்பெற்றது. மருந்தும் வைத்தியசாலையும் இவற்றின் பயன். 1934ஆம் ஆண்டுச் சட்டம் தொழிலால் நேர்ந்த காயத்துக்கு நட்டஈடு வகுத்தது. 1939ஆம் ஆண்டுச் சட்டம் பிள்ளைப்பேற்றின் பொருட்டு ஓய்வுக்கும் உதவிப்பணம் உண்டென்னும் நெறியைத் தந்தது. இந்நெறி உயர்ந்தது, ஆயின் நெடுநோயினின்று மீள்வோனுக்கு இவற்றுள் எதுவும் இடங் கொடுத்திலது.

இதன் விளைவு யாது? நாட்கூலி முறையில் ஒருநாள் வேலையைப் 'பேர்' என்பர் தோட்டத்தார். மலையேறாதவனுக்குப் பேரில்லை, பேரில்லையேல் கூலியில்லை. கண்டியிலோ கொழும்பிலோ சத்திரசிகிச்சை பெற்று மீண்டவன் மூன்று மாதம் ஓய்ந்திருப்பின் அடுப்பு எரியாது. ஓயாது மலையேறின் மார்பு தாங்காது. வைத்தியர் அளித்த உயிரை வறுமை பறிக்க விடலாமோ?

செய்யத்தக்கன அரியனவல்ல. மீட்சிக் காலத்துக்கு உதவிப்பணம் வகுத்தல், பின்னர்த் தவறணையிலோ தொழிற்சாலையிலோ பாரமற்ற வேலை நல்கல், அண்மை வைத்தியசாலையில் நடைப்பயிற்சிக்கு வழிகாட்டல் ஆகிய மூன்றும் போதும். 1939இல் தாய்க்கு ஏற்ற நெறியை நோயினின்று மீள்வோனுக்கும் நீட்டுதலே இவ்வரலாறு நமக்கு உணர்த்தும் கடமையாகும்.