தோட்டம் நகரான பின்: சுபாங் ஜெயாவில் இருவீச்சு இயந்திர மீளமைப்பு

முன்னுரை

மலேசியத் தமிழரின் உழைப்பு வரலாற்றை எழுதுங்கால் பால்வெட்டுக் கத்தியையும் தண்டவாளத்தையும் நாம் மறப்பதில்லை. ஆயின், அம்மக்கள் நகருக்கு வந்தபின் கையாண்ட மோட்டார் சைக்கிளைப் பற்றி நாம் பேசுவது குறைவு. பேச்சில் 'டூ ஸ்ட்ரோக்' என வழங்கும் இருவீச்சு இயந்திரத்தை வீட்டில் பிரித்துப் புதுப்பிக்கும் கைத்திறனும் ஒரு வரலாற்றுச் சான்றே என்பதை இக்கட்டுரை சுபாங் ஜெயாவை முன்வைத்து எடுத்துரைக்கிறது.

தோட்டமும் சாலையும்

2020இல் மாநகரத் தகுதி பெற்ற சுபாங் ஜெயா, 1976 முதல் சீபீல்ட் தோட்ட நிலத்தில் எழுப்பப்பட்ட நகராகும். தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாக மாறியபோது, தோட்டத்துக்குள் நடந்தே வேலைக்குச் சென்றவர்கள் தொலைவிலுள்ள தொழிற்சாலைகளை நாட வேண்டியதாயிற்று. கிள்ளானையும் கோலாலம்பூரையும் இணைக்கும் கூட்டரசு நெடுஞ்சாலையில் 1970களிலேயே மோட்டார் சைக்கிள்களுக்கெனத் தனித்தடம் அமைக்கப்பட்டமை, இவ்வாகனம் உழைப்பாளரின் வாழ்வில் பெற்ற இடத்தைக் காட்டும்.

இயந்திரத்தின் வழிமரபு

செருமனியின் டி.கே.டபிள்யூ. நிறுவனம் 1939இல் வெளியிட்ட ஆர்.டி. 125 வண்டியே பிற்கால இருவீச்சு வண்டிகள் பலவற்றுக்கு முன்மாதிரி. இங்கிலாந்தின் பி.எஸ்.ஏ. பேண்டம் (1948), யமஹாவின் முதல் வண்டியான ஒய்.ஏ.1 (1955) ஆகியன அதன் வழிவந்தவை. மலேசியாவில் பெரும்புகழ் பெற்ற 133 சி.சி. யமஹா ஆர்.எக்ஸ்.இசட். வண்டியின் உற்பத்தி 2011இல் நின்றது. புதியது கிடைக்காத நிலையில், பழையதைப் புதுப்பித்தலே அதனை ஓடச் செய்யும் வழியாயிற்று.

வீட்டில் நிகழும் மீளமைப்பு

நால்வீச்சு இயந்திரத்தில் உள்ள வால்வுகளும் கேம் தண்டும் இதில் இல்லை. எனவே சில கருவிகளைக் கொண்டே வீட்டு முற்றத்தில் இதன் மேற்பகுதியைப் பிரிக்கலாம். ஆயினும், எளிமை வேறு, எளிது வேறு. எரிபொருட் கலவை முதலில் கிராங்க் அறைக்குள் சென்று, பின்னரே சிலிண்டரை அடைகிறது. கிராங்கின் எண்ணெய் அடைப்பான் தேய்ந்தால் வெளிக்காற்று உட்புகும், கலவை மெலியும், வெப்பம் மிகுந்து பிஸ்டன் இறுகிவிடும். ஆகவே, பிஸ்டனை மட்டும் மாற்றிப் பழுதின் காரணத்தை ஆராயாது விடுபவர் அதே வேலையை மீண்டும் செய்ய நேரும்.

தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து பெருக்கவும், கிராங்கைப் பிரித்துக் கோக்கவும் பட்டறையே வேண்டும். வளையத்தைச் சிலிண்டருக்குள் வைத்து அதன் இடைவெளியை அளத்தல், பிஸ்டனின் அம்புக்குறியைப் புகைபோக்கிப் பக்கம் திருப்புதல் போன்றவை வீட்டிலேயே முடிபவை. இவ்வாறு வீடும் பட்டறையும் ஒரே அறிவைப் பகிர்ந்துகொள்கின்றன.

முடிவுரை

இவ்வறிவில் பெரும்பகுதி ஏட்டில் இல்லை. கையிலும் செவியிலும் உள்ளது. இயந்திரத்தின் ஒலி கேட்டே பழுதை உணரும் மூத்தோர் மறைந்தால், தமிழும் மலாயும் ஆங்கிலமும் கலந்த அவர்தம் தொழிற்சொற்களும் உடன் மறையும். தோட்டப் பாடல்களை நாம் தொகுத்தது போன்று, இச்சொற்களையும் மாணவரைக் கொண்டு அவரவர் வீட்டு முற்றத்திலிருந்தே தொகுக்கத் தொடங்குதல் நம் கடமையாகும்.