கடல் காற்றாலைப் பணியாளர் பயிற்சி

கடல் காற்றாலைப் பணியாளர் பயிற்சி என்பது கடலில் நிறுவப்படும் காற்றாலைகளைப் பொருத்துவதற்கும் பராமரிப்பதற்கும் தேவையான பணியாளர்களை உருவாக்கும் தொழிற்கல்வி ஆகும். உலகின் முதல் கடல் காற்றாலைப் பண்ணையான விண்டெபி, 1991 இல் டென்மார்க்கில் 11 காற்றாலைகளுடன் அமைக்கப்பட்டது. அதன் மொத்தத் திறன் ஏறத்தாழ 5 மெகாவாட் மட்டுமே. இங்கிலாந்தின் கிழக்குக் கரைக்கு அப்பால் 2022 இல் முழுமையாக இயங்கத் தொடங்கிய ஹார்ன்சீ 2 பண்ணையில் 165 காற்றாலைகள் உள்ளன. அவை ஒவ்வொன்றும் 8 மெகாவாட் திறனுடையவை. இவ்வளர்ச்சியால் பயிற்சி பெற்ற பணியாளர்களின் தேவை பெருகியது.

பணியின் தன்மை

பராமரிப்புப் பணியாளர் மின்னியல், இயந்திரவியல், நீர்ம அழுத்தக் கருவிகள் ஆகியவற்றை அறிந்திருத்தல் வேண்டும். கரைக்கு அருகிலுள்ள பண்ணைகளுக்குச் சிறு படகுகளில் செல்வர். படகின் முனையைக் கோபுரத்தின் அடிப்பகுதியோடு அழுத்தி நிறுத்திய பின், பணியாளர் ஏணிக்குத் தாவி ஏறுவார். அலையின் உயரம் ஏறத்தாழ 1.5 மீட்டரைத் தாண்டினால் இவ்வாறு ஏறுவது பொதுவாகத் தவிர்க்கப்படும். தொலைவிலுள்ள பண்ணைகளில் பணியாளர்கள் இரு வாரங்கள் வரை கப்பலிலேயே தங்குகின்றனர். விபத்து நேர்ந்தால் கரையிலிருந்து உதவி வரக் காலதாமதமாகும் என்பதால், உடன் பணிபுரிபவரே முதல் மீட்பாளராகச் செயற்பட வேண்டும்.

அடிப்படைப் பாதுகாப்புப் பயிற்சி

காற்றாலை உற்பத்தியாளர்களும் உரிமையாளர்களும் இணைந்து 2012 இல் 'குளோபல் விண்ட் ஆர்கனைசேஷன்' என்ற அமைப்பை நிறுவினர். அது வகுத்த அடிப்படைப் பயிற்சி ஐந்து பகுதிகளைக் கொண்டது:

* முதலுதவி
* சுமைகளைக் கையாளுதல்
* தீ குறித்த விழிப்புணர்வு
* உயரத்தில் பணிபுரிதல்
* கடலில் உயிர்காத்தல்

இறுதிப் பகுதி கடலில் பணிபுரிவோருக்கு மட்டும் உரியது. சான்றிதழ்கள் இரண்டு ஆண்டுகளுக்குச் செல்லுபடியாகும். அதன் பின்னர் புத்தாக்கப் பயிற்சி பெற வேண்டும்.

ஹம்பர் பகுதி

இங்கிலாந்தின் ஹம்பர் கழிமுகத்திலுள்ள கிரிம்ஸ்பி ஒரு காலத்தில் பெரும் மீன்பிடித் துறைமுகமாக விளங்கியது. ஐஸ்லாந்து தன் மீன்பிடி எல்லையை 200 கடல் மைல்களாக விரித்து, 1976 இல் பிரித்தானியாவுடனான பூசல் முடிவுற்ற பின், அத்தொழில் நலிந்தது. தற்போது ஹார்ன்சீ பண்ணைகளின் பராமரிப்பு இங்கிருந்தே நடைபெறுகின்றது. எதிர்க்கரையில் உள்ள ஹல் நகரில் 2016 இல் சுழலி இறகுத் தொழிற்சாலை திறக்கப்பட்டது. 2019 இல் பிரித்தானிய அரசும் கடல் காற்றாலைத் துறையும் செய்த உடன்பாடு, 2030 க்குள் 27,000 பணியிடங்களையும், பணியாளருள் மூன்றில் ஒரு பங்கு பெண்களையும் இலக்காகக் கொண்டது.

சான்றிதழ் ஏற்புச் சிக்கல்

வடகடலின் எண்ணெய், எரிவாயு மேடைகளில் பணிபுரிவோர் கடலில் உயிர்காக்கும் பயிற்சியை ஏற்கனவே பெற்றவர்கள். எனினும் அத்துறையின் சான்றிதழ்களை வழங்கும் அமைப்பு வேறு. இதனால் காற்றாலைத் துறைக்கு மாறுவோர் ஒத்த பயிற்சியை மீண்டும் பெற நேர்ந்தது. ஒப்பந்தப் பணியாளர் பலர் அதற்கான செலவைத் தாமே ஏற்றனர். திறன் இருந்தும் சான்று இல்லாமையே அவர்களுக்குத் தடையாயிற்று. இதனைக் குறைக்கும் நோக்குடன் ஐக்கிய இராச்சியத்தில் 'எனர்ஜி ஸ்கில்ஸ் பாஸ்போர்ட்' என்னும் இணையவழித் திட்டத்தின் முதற்கட்டம் 2025 சனவரியில் தொடங்கப்பட்டது. ஒரு துறையில் பெற்ற தகுதிகள் மற்றத் துறையின் பணிகளுக்கு எவ்வாறு பொருந்தும் என்பதை இது காட்டுகின்றது.