குடமும் கிட்டாரும்

ஊவா மலைகளுக்கு வந்த ஆங்கிலேயரை நாம் பெரும்பாலும் துரைமாராகவே அறிந்திருக்கிறோம். அவர்கள் கட்டளையிட வந்தவர்கள். நமது இசையின் முன்னால் மாணவனாக அமர்ந்த ஓர் ஆங்கிலேயரையும், அவர் அமைத்த இசைக்குழுவையும் பற்றி இன்று பேசுவோம்.

ஜோன் மக்லாஃப்லின் 1942இல் யோர்க்‌ஷயரில் பிறந்தவர். ஜாஸ் மேதை மைல்ஸ் டேவிசுடன் கிட்டார் வாசித்தவர். 1971இல் அவர் தொடங்கிய ‘மகாவிஷ்ணு ஓர்கெஸ்ட்ரா’ ஜாஸ் இசையின் கற்பனையையும் ரொக் இசையின் மின்சார முழக்கத்தையும் ஒன்றாக்கி உலகப் புகழ் பெற்றது. அந்தப் புகழுக்கு நடுவிலும் அவர் அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் டாக்டர் எஸ். ராமநாதனிடம் வீணை கற்றார்.

வீணையின் மெட்டுகள் மெழுகின் மேல் உயர்ந்து நிற்பவை. தந்தியை இழுத்துச் சுரத்தை அசைக்க அங்கே இடமுண்டு. அந்த அசைவே கமகம். கிட்டாரில் விரல் மரத்தில் முட்டிக்கொள்ளும். ஆகவே, மெட்டுகளுக்கிடையே மரத்தைக் குழிவாகச் செதுக்கி, சுருதிக்கென ஏழு தந்திகளைச் சாய்வாகப் பூட்டிய தனிக் கிட்டார் ஒன்று அவருக்காக உருவாக்கப்பட்டது. கர்நாடக இசையைக் கிட்டாருக்கேற்ப வளைக்காமல், கிட்டாரையே அதற்கேற்ப மாற்றிக்கொண்டார்.

அந்தக் கிட்டாருக்கு இணையாக வயலின் வாசித்தவர் எல். சங்கர். அவரது தந்தை வி. லட்சுமிநாராயணா யாழ்ப்பாணத்தில் இசை கற்பித்தவர். சங்கரின் பிள்ளைப் பருவமும் அங்கேதான் கழிந்தது. 1958ஆம் ஆண்டு இனக்கலவரத்தின் பின் அந்தக் குடும்பம் சென்னைக்குத் திரும்பியது. அப்போது சங்கருக்கு எட்டு வயது. இந்த மண்ணிலே வேர்விட வேண்டிய ஓர் இசைப் பரம்பரையை நாம் இழந்தோம், உலகம் பெற்றுக்கொண்டது.

பம்பாயின் ஜாகிர் உசேன் தபேலாவுடனும், விக்கு விநாயகராம் கடத்துடனும், ராம்நாட் ராகவன் மிருதங்கத்துடனும் சேர ‘சக்தி’ பிறந்தது. ராம்நாட் என்பது ராமநாதபுரம். நம் முன்னோர் மன்னாருக்குத் தோணியேறிய சீமை அது. 1975 ஜூலையில் அமெரிக்கக் கல்லூரி ஒன்றில் நடந்த கச்சேரி முதல் இசைத்தட்டாக வந்தது. மின்சார முழக்கம் இல்லை. கலைஞர்கள் தரையில் அமர்ந்து வாசித்தார்கள். வடக்கின் தபேலாவும் தெற்கின் கடமும் ஒரே மேடையில் தாளம் பேசின. ரொக் ரசிகர்கள் பழைய முழக்கத்தையே எதிர்பார்த்தார்கள். மூன்று இசைத்தட்டுகளுடன் 1978இல் குழு கலைந்தது.

ஆனால் விதை சாகவில்லை. 1997இல் ‘ரிமெம்பர் சக்தி’ என்ற பெயரில் குழு மீண்டும் கூடியது. பின்னர் மாண்டலின் ஸ்ரீநிவாஸ், விநாயகராமின் மகன் செல்வகணேஷ், பாடகர் சங்கர் மகாதேவன் ஆகியோர் இணைந்தனர். ஸ்ரீநிவாஸ் 2014இல் 45ஆவது வயதில் மறைந்தார். 2023இல் வெளிவந்த ‘திஸ் மொமென்ட்’ தொகுப்பு 2024 பெப்ரவரியில் கிராமி விருது பெற்றது. அதே ஆண்டு டிசம்பரில் ஜாகிர் உசேனும் காலமானார்.

நேயர்களே, கச்சேரி மேடையில் கடத்துக்கு உபபக்கவாத்தியம் என்ற இடம்தான். மிருதங்கத்தின் பின்னரே அதன் முறை வரும். ‘சக்தி’யில் அந்த மண்குடம் கிட்டாருக்குச் சமமாக அமர்ந்தது. நமது தோட்டங்களில் பிரட்டுக்கு ஆளழைத்ததும் தப்பு. காமன் கூத்துக்கு ஒலித்ததும் தப்பு. சாவு வீட்டில் நம்மோடு அழுததும் தப்பு. அந்தத் தப்பையும் அதை அடிப்பவரையும் நாம் எந்த வரிசையில் உட்கார வைத்திருக்கிறோம்? யோர்க்‌ஷயர்க்காரர் ஒருவர் நம் மண்குடத்துக்குத் தந்த ஆசனத்தை, நம் தப்புக்கு நாம் தர இன்னும் ஏன் தயங்க வேண்டும்?