தண்டவாளத்துக்கு இருபுறமும் – 14: எழுபது கிரவுண்டில் ஒரு கிரவுண்ட்

மறைமலை நகர்ப் பக்கம் மூன்று தலைமுறையாகப் பள்ளி ஓட்டப் பந்தயத்தில் ஓடிய குடும்பம் ஏதாவது இருந்தால், அந்த வீட்டுப் பீரோவைத் திறக்கச் சொல்லுங்கள். தாத்தாவின் சான்றிதழில் ‘செங்கல்பட்டு மாவட்டம்’ என்றிருக்கும். அப்பாவுடையதில் ‘செங்கை எம்.ஜி.ஆர். மாவட்டம்’. 1997இல் அது இரண்டாகப் பிரிந்ததால் அக்காவுடையதில் ‘காஞ்சிபுரம்’. 2019க்குப் பிறகு ஓடிய தம்பியின் லேமினேட் செய்த அட்டையில் மறுபடி ‘செங்கல்பட்டு’. நால்வரும் ஒரே ஊர்ப் புழுதியில் ஓடியவர்கள்தான்.

சென்ற வாரம், 1931இல் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை மின்ரயில் வந்த கதையோடு நிறுத்தியிருந்தோம். அதே தடத்தில் தெற்கே இறங்கிய இன்னொன்றைப் பற்றி இந்த வாரம் பார்ப்போம். அது பள்ளிக்கூட விளையாட்டு.

அந்தக் காலத்துப் பள்ளிகளில் விளையாட்டு என்றால் ‘டிரில்’தான். பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று வந்தவர் விசில் ஊதுவார், பிள்ளைகள் வரிசையில் நின்று கையைத் தூக்கி இறக்குவார்கள். ‘டிரில் மாஸ்டர்’ என்ற பெயர் அப்படி வந்ததுதான். பி.இ.டி. சார், உடற்கல்வி ஆசிரியர் என்று பெயர் மாறிய பிறகும் பெரியவர்கள் வாயில் இன்னும் அவர் டிரில் மாஸ்டர்தான்.

இந்த நிலையை மாற்றியவர் ஹாரி குரோ பக் என்ற அமெரிக்கர். ஸ்பிரிங்ஃபீல்டில் உள்ள ஒய்.எம்.சி.ஏ. கல்லூரியில் படித்தவர். 1891இல் கூடைப்பந்து பிறந்தது அந்தக் கல்லூரியில்தான். அங்கே படித்த வில்லியம் மார்கன்தான் 1895இல் வாலிபாலைக் கண்டுபிடித்தவர். அந்தப் பட்டறையிலிருந்து சென்னைக்கு வந்த பக், 1920இல் உடற்கல்வி ஆசிரியர்களை உருவாக்க ஒரு பள்ளியைத் தொடங்கினார். 1924 பாரிஸ் ஒலிம்பிக்குக்கு இந்தியத் தடகள வீரர்களை அழைத்துச் சென்றவரும் அவரே. அவர் தொடங்கிய பள்ளி 1930களில் சைதாப்பேட்டையை அடுத்த நந்தனத்தில், அடையாற்றங்கரையில் நிலைகொண்டது. 1943இல் பக் இறந்தபோது, அவரிடம் பயின்றவர்கள் ராஜதானி முழுக்கப் பள்ளிகளில் விசிலும் சுண்ணாம்பு வாளியுமாக நின்றுகொண்டிருந்தார்கள்.

இடம் தேடித் தெற்கே வந்தது அந்தக் கல்லூரி மட்டுமல்ல. ஜார்ஜ் டவுனின் நெரிசலில் இருந்த சென்னைக் கிறித்தவக் கல்லூரி 1937இல் தாம்பரத்துக்கு, 300 ஏக்கருக்கு மேற்பட்ட சேலையூர்க் காட்டு நிலத்துக்குக் குடிபெயர்ந்தது. பழைய இடத்தில் அது இருந்தபோது அங்கே தமிழ் கற்பித்தவர் மறைமலையடிகள். 1911இல் வேலையை விட்டுப் பல்லாவரத்தில் வந்து அமர்ந்தார். 26 ஆண்டு கழித்துக் கல்லூரியும் அவர் பின்னாலேயே பக்கத்து ஊருக்கு வந்து சேர்ந்தது.

அடிகளாரின் பெயரைத் தாங்கிய நம் ஊர், 1980 வாக்கில் சென்னைப் பெருநகர் வளர்ச்சிக்கான துணை நகரமாகக் கோடு போட்டு உருவாக்கப்பட்டது. இங்குள்ள ரயில் நிலையத்தின் பெயர்ப் பலகையில் இரண்டு பேர் இருக்கிறார்கள்: ‘மறைமலை நகர் காமராஜர்’. விளையாட்டுக் கதையிலும் இருவருக்கும் இடமுண்டு. காமராஜர் ஆட்சியில் 1956இல் மதிய உணவுத் திட்டம் வந்தது. 1958இல் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் தொடங்கின. முதல் மாநாடு நடந்தது அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்துக் கடம்பத்தூரில்தான். பொதுக்கல்வி இயக்குநர் நெ.து.சுந்தரவடிவேலு முன்னின்று நடத்திய அந்த இயக்கத்தில், ஊர்க்காரர்களே பள்ளிக்கு வேண்டியதைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். வயிற்றில் சோறு இருந்தால்தானே நான்காவது பீரியடில் ஓட முடியும்?

அடிகளாரின் பங்கு சான்றிதழில் இருக்கிறது. அதில் ‘மும்முறைத் தாண்டுதல்’, ‘குண்டு எறிதல்’, ‘தடை தாண்டும் ஓட்டம்’ என்று அழகான தமிழ். களத்தில் இறங்கிவிட்டால் ட்ரிபிள் ஜம்ப், ஷாட்புட், ஹர்டில்ஸ். தனித்தமிழ் இயக்கத்தின் தந்தை பெயரால் அமைந்த ஊரில் இந்த இரண்டும் சண்டையில்லாமல் குடித்தனம் நடத்துகின்றன.

இனி நிலக் கணக்கு. எங்கள் பக்கத்தில் ‘கிரவுண்ட்’ என்ற சொல்லுக்கு இரண்டு அர்த்தம். ரியல் எஸ்டேட்காரருக்கு அது 2,400 சதுர அடி. பையன்களுக்கு அது விளையாடும் இடம். இரண்டையும் ஒன்றோடொன்று வைத்து அளந்தால் ஊரின் வரலாறே தெரிந்துவிடும். எட்டுப் பாதைகளோடு முறையான 400 மீட்டர் ட்ராக் போட ஏறத்தாழ 4 ஏக்கர் வேண்டும். அதாவது 70 கிரவுண்டுக்கு மேல். வாலிபால் கோர்ட்டோ 18 மீட்டர் நீளம், 9 மீட்டர் அகலம். கோட்டுக்குள் இருக்கும் இடம் 1,750 சதுர அடிகூட வராது. கபடிக் களம் அதைவிடச் சிறியது.

மனை விலை ஏற ஏறப் புறநகர்ப் பள்ளிகளில் வாலிபாலும் கபடியும் ஏன் வேரூன்றின என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை. ஒரு வலை, ஒரு பந்து, பன்னிரண்டு பேர் போதும். கபடிக்கு அந்தச் செலவும் கிடையாது. ஓட்டத்துக்கு மட்டும் மண் வேண்டும். மாநில அளவில் குடியரசு தின விழாத் தடகளப் போட்டிகளுக்கு ஆள் அனுப்ப வேண்டிய பள்ளி, இருக்கிற இடத்தில் 200 மீட்டர் வட்டம் போட்டுச் சமாளிக்கிறது.

போட்டிக்கு முந்தைய நாள் காலை ஒரு பள்ளி மைதானத்துக்குப் போய்ப் பாருங்கள். இரண்டு பையன்கள் கயிற்றை இழுத்துப் பிடிப்பார்கள். நடுவில் அடித்த முளையைச் சுற்றி வளைவு வரும். பி.இ.டி. சார் சுண்ணாம்புத் தூளைத் தூவிக்கொண்டே பின்னோக்கி நடப்பார். அடுத்த பீரியடைக் கடன் கேட்டு வந்த கணக்கு வாத்தியார் வராந்தாவில் நின்று பார்ப்பார். உண்மையில் அங்கே நடப்பதும் கணக்குப் பாடம்தான்: வெளிப்பாதையில் ஓடுகிறவன் எத்தனை அடி முன்னால் நிற்க வேண்டும் என்று சாருக்கு மனப்பாடம்.

பி.இ.டி. சாரின் கண்ணுக்கு என்ன மதிப்பு என்பதற்குச் சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டி சாட்சி. ஐந்து வயதில் பேருந்து ஏறிக் கால் சிதைந்த ஒரு மாணவனை உயரம் தாண்டப் பழக்கியவர் பள்ளியின் உடற்கல்வி ஆசிரியர். 2016 ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் வாங்கிய மாரியப்பன் தங்கவேலுதான் அந்த மாணவர்.

வண்டலூரிலிருந்து கேளம்பாக்கம் போகும் சாலையில், மேலக்கோட்டையூரில், 2004ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகம் இருக்கிறது. பக் நந்தனத்தில் நட்டது நம் வாசல்வரை வந்துவிட்டது.

இத்தனைக்கும் நடுவே 200 மீட்டர் வட்டத்தில் பழகிய பிள்ளை, முதன்முறையாகப் பெரிய மைதானத்தில் 400 மீட்டர் ஓடும்போது ஒரு தவறு செய்யும். பாதி தூரத்தில், பழைய நினைப்பில், கோடு வந்துவிடும் என்று தலையைத் தூக்கிப் பார்க்கும். அங்கே கோடு இருக்காது. பந்தயம் போய்விடும். அடுத்த வருஷம் அதே பிள்ளை தலையைத் தூக்காமல் ஓடும். அந்த ஒரு வருஷப் பாடத்தைத்தான் பீரோவில் இருக்கும் சான்றிதழ், ‘இரண்டாம் இடம்’ என்று இரண்டே சொல்லில் எழுதி வைத்திருக்கிறது.

(தொடரும்)