மேரி வான் கிளீக்

மேரி வான் கிளீக் (26 ஜூன் 1883 – 8 ஜூன் 1972) அமெரிக்கத் தொழிலுறவு ஆய்வாளர். முதல் உலகப் போர்க்காலத்தில் தொழிற்சாலைகளில் பெண்களை அமர்த்துவதற்கான பணிவிதிகளை அந்நாட்டு அரசுக்கு வகுத்துக் கொடுத்தவர்.

நியூயார்க் மாநிலத்தின் கிளென்ஹாம் ஊரில் பாதிரியார் ஒருவரின் மகளாகப் பிறந்தார். 1904-இல் ஸ்மித் கல்லூரியில் பட்டம் பெற்றபின், நியூயார்க் நகரின் குடியேறிகள் பகுதியில் ஆலைப் பெண்களைப் பற்றி ஆராயத் தொடங்கினார். பின்னர் ரசல் சேஜ் அறக்கட்டளையில் சேர்ந்து 1948 வரை அங்கேயே பணியாற்றினார்.

செயற்கைப் பூத் தொழில், புத்தகக் கட்டுத் தொழில் பற்றிய அவரது இரு நூல்கள் 1913-இல் வெளிவந்தன. துண்டுக் கூலிக்குத் தாயும் பிள்ளைகளும் வீட்டிலேயே பூக் கட்டியதையும், வேலை குவிந்தால் பைண்டிங் பட்டறைப் பெண்கள் இரவெல்லாம் உழைத்ததையும், வேலை குறைந்தால் கூலியின்றி நின்றதையும் அவை பதிவுசெய்தன. பெண்களின் இரவு வேலையைத் தடுத்த சட்டத்தை 1907-இல் தள்ளுபடி செய்த நியூயார்க் மேல்முறையீட்டு நீதிமன்றம், 1915-இல் அத்தகைய புதிய சட்டத்தை ஏற்றது. இத்தகைய கள ஆய்வுகளும் அந்த மாற்றத்துக்கு வழிவகுத்தன.

முதல் உலகப் போரில் ஆண்கள் போர்முனைக்குப் போனதும் வெடிமருந்து, இயந்திர ஆலைகளில் பெண்கள் பெருமளவில் சேர்ந்தனர். போர்த்தளவாடத் துறையின் பெண்கள் பிரிவில் பணியாற்றிய வான் கிளீக், 1918 ஜூலையில் தொழிலாளர் துறையில் தொடங்கப்பட்ட பெண் தொழிலாளர் சேவையின் தலைவரானார். தொழிற்சங்கத்திலிருந்து வந்த மேரி ஆண்டர்சன் அவருக்குத் துணை. அவ்வாண்டு டிசம்பரில் வெளியான விதிகள் 8 மணி நேர வேலை நாள், வாரம் ஒருநாள் ஓய்வு, இரவு வேலைத் தடை, ஆணுக்கு இணையான ஊதியம் ஆகியவற்றை வலியுறுத்தின. அவற்றை எல்லா முதலாளிகள் மீதும் சுமத்தும் அதிகாரம் அந்த அலுவலகத்துக்கு இல்லை. போரும் அதற்குள் முடிந்துவிட்டது. நல்ல கூலி பெற்ற சில பெண்கள் இரவு வேலைத் தடைச் சட்டங்களால் வேலை இழக்க நேர்ந்ததையும் சொல்லத்தான் வேண்டும். ஆயினும், பெண்களின் உழைப்பு அவசரத் தேவையாக இருந்த வேளையிலேயே அதற்கு உரிய விலையும் வரம்பும் கேட்ட துணிவு போற்றத்தக்கது. 1919-இல் அவர் விலக, ஆண்டர்சன் பொறுப்பேற்றார். அச்சேவையே 1920-இல் நிரந்தர மகளிர் பணியகமானது.

நிலக்கரிச் சுரங்கங்களில் தொழிலாளர் பிரதிநிதித்துவம் குறித்து பென் செலக்மனுடன் எழுதிய நூல் 1924-இல் வந்தது. 1933-இல் ரூஸ்வெல்ட் அரசு அளித்த ஆலோசனைக் குழுப் பதவியை, அவ்வரசு தொழிற்சங்கங்களுக்குப் போதிய பாதுகாப்புத் தரவில்லை என்று ஒரே நாளில் துறந்தார். சோவியத் திட்டமிடலின் மீது அவர் வைத்த நம்பிக்கை, அதன் கொடுமைகளைக் காணவிடவில்லை. அந்தச் சார்புக்காக 1953-இல் கம்யூனிச எதிர்ப்பாளர் செனட்டர் மெக்கார்த்தியின் செனட் குழு அவரை விசாரித்தது.

அவரது விதிகள் கேட்டவற்றுள், வேலைநேர வரம்பு 1938-இல் இருபாலருக்கும் கூட்டாட்சிச் சட்டமானது. சம ஊதியச் சட்டம் 1963 ஜூனில்தான் வந்தது. அப்போது அவருக்கு வயது 79.