கோடு விழுந்த அட்டையும் காய்ச்சல் கண்ட நாளும்

வடகிழக்குப் பருவமழை தொடங்கிப் புதுக்கோட்டைச் சீமையில் காய்ச்சல் மிகுங்காலத்தில், சில துளி ரத்தத்தைக் கொண்டு கால் மணி நேரத்தில் டெங்கு உண்டா இல்லையா என்று சொல்லிவிடும் அட்டைப் பரீட்சையை, எலிசா என்னும் ஆய்வுக்கூட ரத்தப் பரிசோதனைக்கான சாதனமும் அதில் பழகிய கையும் அருகில் இல்லாத கிராமங்கள் வரப்பிரசாதமாகக் கருதுவதில் வியப்பில்லை. ஆயினும், அதன் யோக்கியதையைப் பெட்டியின்மேல் அச்சிட்ட விகிதாசாரத்தைக் கொண்டு நிர்ணயிப்பது சாஸ்திர முறையாகாதென்பதும், அது எவ்வூரில், எப்பருவத்தில், காய்ச்சலின் எத்தனையாம் நாளில் பயன்படுகிறதோ அங்கேயே அதனைச் சோதித்தல் வேண்டுமென்பதும் என் அபிப்பிராயம்.

உலக சுகாதார ஸ்தாபனத்தின் ஆதரவில் நடந்து 2009இல் வெளிவந்த ஆய்வில், ஐ.ஜி.எம். எதிர்பொருளைக் காணும் சாதனங்கள் பலவற்றை ஒப்பிட்டபோது, நோயுற்றவரைக் கண்டுபிடிக்கும் திறன் 21 முதல் 99 சதவீதம் வரையிலும், நோயற்றவரை விலக்கும் திறன் 77 முதல் 98 சதவீதம் வரையிலும் வேறுபட்டன. மலேரியா கண்டவரிடத்தும் முன்னரே டெங்கு வந்துபோனவரிடத்தும் பொய் முடிவு தோன்றியது. இரண்டாவது காரணம் நமக்கு மிக நெருங்கியது: 2017–18இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமம் நாடெங்கும் 5 முதல் 45 வயதினரிடம் ரத்தம் எடுத்துப் பார்த்ததில், தென்னிந்தியாவில் 76.9 சதவீதத்தினருக்குப் பழைய டெங்குவின் சுவடு இருந்தது. இத்தகைய ஜனங்களிடையே பழைய நோய்க்குப்பின்னும் உடலில் தங்கும் ஐ.ஜி.ஜி. எதிர்பொருளைக் காட்டும் அட்டையின் கோடு இன்றைய காய்ச்சலைப் பற்றிச் சொல்வது மிகச் சொற்பம்.

ஐ.ஜி.எம். எதிர்பொருளோ, பெரும்பாலும் ஐந்தாம் நாளையொட்டித்தான் அளவில் தெரியும். மறுமுறை டெங்கு கண்டவரிடத்து அதுவும் மந்தமாகவே எழக்கூடும். இரண்டாம் நாளே வந்தவருக்கு என்.எஸ்.1 என்னும் கிருமிப்புரதத்தைத் தேடுவதன்றி எதிர்பொருளைத் தேடிப் பயனில்லை. ஆகவே அட்டையின் கண்டுபிடிக்கும் திறன் காய்ச்சலின் நாளைப் பொறுத்தது. நாளோ நோயாளியின் வாய்ச்சொல்லைப் பொறுத்தது. உடம்பு சுட்ட நாளை விட்டு, வேலைக்குப் போக முடியாமற்போன நாளை முதல் நாளாகச் சொல்லுபவர் நம்மிடையே சிலரல்லர்.

பருவமும் அவ்வாறே. 80 சதவீதம் கண்டுபிடித்து 90 சதவீதம் சரியாக விலக்கும் அட்டையொன்றைக் கற்பனை செய்வோம். ஆயிரம் காய்ச்சற்காரரில் 50 பேருக்கே டெங்கு இருக்கும் கோடையில், நோய் உண்டென்று கோடு விழும் 135 பேரில் 95 பேருக்கு நோயே இராது. 400 பேருக்கு டெங்கு இருக்கும் கார்த்திகையில், கோடு விழும் 380 பேரில் 320 பேருக்கு நோய் மெய்யே. அட்டை ஒன்றுதான், அதன் சொல்லின் மதிப்பு மாறிவிடுகிறது. கோடையில் விழுந்த கோட்டை டெங்குவென்று நம்பி, உண்ணிக்காய்ச்சலுக்கு வேண்டிய மருந்தைத் தாமதித்தால் விளைவது சிறு பிழையன்று.

ஒப்புநோக்கும் பிரமாணமாகப் புனே தேசிய வைரஸ் ஆய்வு நிறுவனத்தின் எலிசாவை வைத்தாலும், ஜப்பானிய மூளைக்காய்ச்சல் முதலிய உறவுக்கிருமிகளின் எதிர்பொருள் அதனையும் மயக்கக்கூடும். இரண்டு வாரம் கழித்து எடுத்த மறு ரத்தமே ஐயத்தைப் பெரிதும் குறைக்கும். ஆனால் காய்ச்சல் விட்டபின் நடவுக்குப் போய்விட்டவர் அதற்காக ஆலங்குடியிலிருந்து மீண்டும் பஸ் ஏறி வரமாட்டார். ரத்தம் எடுப்பவர்தாம் வயல்வரப்பு வரை போகவேண்டும், அந்தப் பிரயாணச் செலவையும் ஆய்வின் திட்டத்திலேயே எழுதவேண்டும்.