குன்றும் காற்றும்



எஞ்சின் இல்லாத விமானம் மணிக்கணக்கில் வானில் நிற்பது எங்ஙனம்? நான் தலைமையாசிரியனாகப் பணியாற்றிய காலத்தில் மாணவர்கள் பலமுறை கேட்ட வினா இது. 1922ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில் இங்கிலாந்துக் குன்றொன்று இவ்வினாவுக்கு அளித்த விடையை இன்று சொல்ல விழைகிறேன்.

முதலில் காற்றின் இயல்பை நோக்குவோம். கிளைடர் எனப்படும் அவ்வூர்தி, அசையாத காற்றில் சிறிது சிறிதாக இறங்கிக்கொண்டேதான் செல்லும். ஆனால், நீண்டதொரு மலைமுகட்டின் மீது காற்று நேரே வந்து மோதினால், அது சரிவைத் தழுவி மேல்நோக்கிப் பாயும். அக்காற்று வினாடிக்கு 5 அடி மேலேற, கிளைடர் அதனுள் 3 அடி இறங்குமாயின், எஞ்சிய 2 அடி ஊர்திக்கு வரவு. ஆகவே விமானி, காற்று மோதும் சரிவின் மேலேயே இக்கோடிக்கும் அக்கோடிக்குமாக உலவுவார். கோடியில் திரும்பும்போது குன்றுக்கு எதிர்ப்புறமாகவே திரும்புவார். முகட்டைக் கடந்து மறுபக்கம் ஒதுங்கினாலோ, அங்கே கீழ்நோக்கிப் பாயும் காற்று அவரைத் தரைக்கு இழுத்துவிடும்.

1911ஆம் ஆண்டு அக்டோபரில், அமெரிக்காவின் வடகரோலினாக் கடற்கரை மணற்குன்றில், ஆர்வில் ரைட் 9 நிமிடம் 45 வினாடி இவ்வாறு வானில் நின்றார். ஏறத்தாழப் பத்தாண்டுகள் எவரும் அதனை விஞ்சவில்லை. எஞ்சின் வலிமை பெறப் பெற, காற்றைக் கற்கும் நாட்டம் குன்றியதே அதற்குக் காரணம் என்பது என் கருத்து.

அந்நாட்டத்தை மீட்டுத் தந்தது ஒரு தடை. முதல் உலகப் போரில் தோற்ற ஜெர்மனியின் விமானத் தொழிலை 1919ஆம் ஆண்டு வெர்சேய் உடன்படிக்கை முடக்கியது. எஞ்சினை இழந்த இளைஞர்கள், 1920 முதல், ரோன் மலைத்தொடரில் சுமார் 950 மீட்டர் உயரமுள்ள வாசர்குப்பெ என்னும் மலையில் ஆண்டுதோறும் கூடினர். 1922 ஆகஸ்டில் அங்கே, ஹானோவர் தொழிற்கல்லூரியில் உருவான கிளைடரில் மார்ட்டென்ஸ் ஒரு மணி நேரத்துக்கு மேல் பறந்தார். சில நாட்களுக்குள் ஹென்ட்ஸன் அதே கிளைடரில் மூன்று மணி நேரத்தைக் கடந்தார்.

செய்தி கேட்டு உலகம் வியந்தது. இலண்டன் 'டெய்லி மெயில்' பத்திரிகை, மிக நீண்ட நேரம் பறப்பவருக்கு 1,000 பவுன் பரிசு அறிவித்தது. சசெக்ஸ் பகுதியில் லூயிஸ் நகருக்கு அருகிலுள்ள இட்ஃபர்ட் குன்றில், அக்டோபர் 16 முதல் 21 வரை போட்டி நடந்தது. போர்விமானங்களால் புகழ்பெற்ற ஃபோக்கர் தாமே கிளைடரில் ஏறி 37 நிமிடம் பறந்தார். கிரே என்பவர், பிரிஸ்டல் போர்விமானத்தின் உடலில் ஃபோக்கர் விமானத்தின் இறக்கையைப் பொருத்திக் கொண்டுவந்தார். ரேனம் என்னும் ஆங்கிலேயர் 1 மணி 53 நிமிடம் நின்றபோது, பரிசு அவருக்கே என்று பலரும் எண்ணினர்.

இறுதி நாள் பிற்பகலில் மானேரோல் என்ற பிரெஞ்சு விமானி புறப்பட்டார். பெய்ரே வடிவமைத்த அவருடைய ஊர்தியில் முன்னொன்றும் பின்னொன்றுமாக இரண்டு இறக்கைகள் இருந்தன. பொழுது சாய்ந்தது; காற்று ஓயவில்லை; அவரும் இறங்கவில்லை. இருள் சூழும் வேளையில் தரை தொட்டபோது, அவர் பறந்த நேரம் 3 மணி 21 நிமிடம். பரிசு அவருடையதாயிற்று. மறு ஆண்டு அதே அக்டோபரில், லிம்ப்னி என்னுமிடத்தில் சிறு எஞ்சின் பூட்டிய விமானத்தில் பறந்தபோது விழுந்து உயிர்நீத்தார் என்பதும் வரலாறு.

நேரத்தை அளக்கும் போட்டி அத்துடன் நிற்கவில்லை. 1952இல் பிரான்சில் அட்ஜேர் என்பவர் 56 மணி 15 நிமிடம் தனியே பறந்தார். அதன்பின் உலக விமானச் சங்கம், நேரச் சாதனைகளைப் பதிவதையே கைவிட்டது. காற்று வீசும்வரை குன்று ஊர்தியைத் தாங்கும். விமானியின் கண்களோ உறக்கத்தைத் தாங்கா. உறக்கத்தால் உயிர் போகும் என்பதே தடைக்குக் காரணம்.

முதலில் அளக்கப்பட்டது காற்றைப் பற்றிய அறிவு; முடிவில் அளக்கப்பட்டது கண்விழிப்பு. எதை அளக்கிறோம் என்பது மாறிவிட்ட பின்பும் அளவுகோலைக் கைவிடாதிருப்பது தேர்வு நடத்துவோர் அனைவருக்கும் நேரக்கூடிய பிழை. அதனை உணர்ந்து அளவுகோலைக் கீழே வைத்த அச்சங்கத்தாரின் துணிவை, மானேரோலின் துணிவுக்கு இணையாகவே நான் மதிக்கிறேன்.